மாவு மில் பஞ்சம்மாளும் மகளின் ரெட்டைப் படிப்பும்

அல்லிநகரத்தில் பஞ்சம்மாளின் மாவு மில் இருக்கும் தெருவின் பெயரைச் சொல்லாமல் விடுவதுதான் நல்லது. சொன்னால் நாளைக்கே யாராவது அளக்கிற டேப்பைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நிற்பார்கள். அந்தத் தெரு இதுவரை பட்டதே போதும்.

மாவு மில் என்பதே சந்தேகத்தை நம்பி நடக்கிற தொழில். கோதுமை கொண்டுவருகிற பெண்கள் வாளியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக மாட்டார்கள். தங்கள் கோதுமை அடுத்த வீட்டு வண்டு விழுந்த கோதுமையோடு கலந்துவிடுமோ, மாவில் ஒரு கை குறைந்துவிடுமோ என்று மெஷின் வாயைப் பார்த்தபடியே நிற்பார்கள். அப்படி நிற்கிறவர்களைப் பஞ்சம்மாள் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஈரம் காயாத அரிசியை அடியில் போட்டு மேலே காய்ந்ததைப் பரப்பிக் கொண்டுவருகிற கெட்டிக்காரிகள் அந்த ஊரில் உண்டு. பஞ்சம்மாள் கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவிய பிறகுதான் மோட்டார் சுவிட்சைத் தொடுவாள்.

பிறவிக் குணம் என்றுதான் சொல்ல வேண்டும். மலைச்சாமி அவளைப் பெண் பார்க்க வந்துபோன மறுநாளே அவள் தன் அண்ணனைக் கேரளாவுக்குப் போகும் ஜீப்பில் ஏற்றிவிட்டாள். மாப்பிள்ளை ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணி வேலை பார்க்கிறார் என்று சொன்னார்களே, அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லித்தான் அனுப்பினாள். இல்லை என்று அண்ணன் வந்து சொன்னான். அண்ணனுக்கு அங்கே சாயா வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டாள். இத்தனை வருடம் கழித்தும் சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கும் மலைச்சாமியின் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுகிறாள். ஏலக்காய் வாசம் தவிர வேறு வாசம் இதுவரை வந்ததில்லை. அந்த மனுசரும் பாவம், இதையெல்லாம் பிரியம் என்று எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார்.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் மகள் கயல் ஒருநாள் வந்து, வடக்கே ஒரு பெரிய கல்லூரியில் இரண்டு மேற்படிப்பை ஒரே நேரத்தில் படிக்கப் போகிறேன் என்றாள். மதுரையில் ஐந்து வருடம் கட்டடக்கலை முடித்திருந்தாள். அடுத்து நகர வடிவமைப்பு ஒன்று, நகரத் திட்டமிடல் ஒன்று. தனித்தனியாகப் படித்தால் நான்கு வருடம், சேர்த்துப் படித்தால் மூன்று வருடத்தில் இரண்டு பட்டமும் கைக்கு வந்துவிடும்.

“அதென்ன ஒரே நேரத்துல ரெண்டு? மொளகாயையும் கோதுமையையும் ஒரே மெஷினுல போட்டா மாவு என்னத்துக்கு ஆகும்?” என்று கேட்டாள் பஞ்சம்மாள்.

“ரெண்டும் ஒட்டுன படிப்புதாம்மா. பாதி வகுப்பு ரெண்டுக்கும் பொது.”

“பாதி பொதுன்னா பாதிப் படிப்புக்குத்தான பட்டம் குடுக்கணும்? முழுசா ரெண்டு குடுக்குறானா? அவன் எப்பேர்ப்பட்ட ஆளு?”

கயல் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். பஞ்சம்மாளுக்கு மனசு ஆறவில்லை. ஒன்றில் தோற்றுப்போனால் தெரியாமல் இருக்க இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாளோ? கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட இது ஒரு சாக்கோ? அங்கன எவனாவது இருக்கிறானோ? வீடியோ காலில் மகள் வந்தால் முதலில் அறையின் நான்கு மூலையையும் காட்டச் சொல்வாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டை யாருடையது என்று ஒருமுறை பெரிய விசாரணையே நடந்தது. அது கயலின் தோழி நதியாவின் சட்டை. நதியாவையும் வரவழைத்து, சட்டையைப் போடச் சொல்லிப் பார்த்த பிறகுதான் போனை வைத்தாள்.

மூன்றாம் வருடம் தை பிறந்ததும் கயல் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாள். இரண்டு படிப்புக்கும் சேர்த்துக் கடைசியாக ஒரே ஆய்வு செய்ய வேண்டுமாம். ஏதாவது ஒரு தெருவை எடுத்து, அதை அளந்து, ஆராய்ந்து, எப்படி இருந்தால் நல்லது என்று வரைய வேண்டுமாம். அவள் எடுத்தது தன் சொந்தத் தெருவை.

மகள் வந்தது பஞ்சம்மாளுக்குச் சந்தோசம். படிப்பை விட்டு விரட்டிவிட்டார்களோ என்று சந்தேகம். இரண்டும் சேர்ந்தே இருந்தன. விடிந்ததும் கயல் கிளம்பிவிடுவாள். கையில் ஒரு சின்னக் கருவி. அதிலிருந்து சிவப்பு வெளிச்சம் எதிர்ச் சுவரில் போய் விழும், தூரம் எவ்வளவு என்று காட்டும். டீக்கடை வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த ஓரமாக நடக்கிறார்கள், மத்தியானம் நிழல் எங்கே விழுகிறது என்றெல்லாம் எழுதிக்கொள்வாள். ஒரு பிள்ளை இதற்காக வடக்கே போய் மூன்று வருடம் படிக்குமா என்று பஞ்சம்மாள் மில்லுக்குள் இருந்தபடியே எட்டி எட்டிப் பார்த்தாள். டீக்கடை வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதை அவளைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பாள்.

கயல் செய்த ஒரு காரியத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கே நின்று அளந்தோம் என்பது மறந்துபோகாமல் இருக்கச் சுவரிலும் கரண்ட் கம்பத்திலும் சிவப்புச் சாக்பீஸால் சின்னச் சின்னதாகக் கோடு போட்டுவைத்தாள். படித்த பிள்ளை, வேறு ஊரில் பழகிய பழக்கம். அவளுக்கு அது வெறும் கோடு. அந்தத் தெருவில் சிவப்புக் கோட்டுக்கு வேறு அர்த்தம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு, கயல் மதுரையில் தங்கிப் படித்த காலத்தில், ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் இப்படித்தான் ஒருநாள் சிவப்பில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே மஞ்சள் நிற ஜேசிபி மெஷின் வந்து கோடு வரைக்கும் இடித்துத் தள்ளியது. பஞ்சம்மாளின் மில்லில் வாசல் போனது. சுருளியாண்டியின் டீக்கடையில் பாதி போனது. ஜெய்லானி பாயின் பஞ்சர் கடையில் மிஞ்சியது ஒரு டயரைப் படுக்கப்போடும் இடம்.

அன்றைக்குச் சாயங்காலம் கோடுகளை முதலில் பார்த்தவர் சுருளியாண்டி. தெருவே கூடிக்கூடிப் பேசியது. மறுநாள் காலையில் முக்கில் இருந்த கரண்ட் கம்பத்தடியில் அம்மன் வந்துவிட்டாள்.

எங்கிருந்தோ ஒரு கல். அதற்கு மஞ்சள், குங்குமம், ஒரு சிவப்புத் துணி. பக்கத்தில் நட்டுவைத்த சூலம், அதில் சொருகிய வேப்பிலை. தெருவில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சாமி இருக்கிற இடத்தில் மெஷினை இறக்க எந்த ஆபீசருக்கும் கை கூசும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்குத்தான். வெயில் படுகிறதே என்று ஜெய்லானி பாய் தன் கடைக்குப் பின்னால் கிடந்த தகரத்தை எடுத்துவந்து அம்மனுக்குப் பந்தல் போட்டுக்கொடுத்தார். பஞ்சம்மாள் தன் மில்லில் அரைத்த மஞ்சளை ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுபோய்க் கல்லில் பூசினாள். அவள் ஓசியில் மஞ்சள் கொடுத்ததை அந்தத் தெரு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தது.

பூசிவிட்டுக் கையைக் கழுவக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து மகளின் பையைத் துழாவினாள். துழாவுவது அவளுக்கு வழக்கம்தான், பெரிதாக எதையும் எதிர்பார்த்துத் துழாவவில்லை. கையில் சிவப்புச் சாக்பீஸ் டப்பா வந்தது.

“இது என்னாடி?”

“சாக்பீஸ்மா. அளந்த எடத்துல அடையாளம் போட்டேன்.”

“அடிப் பாவி மகளே! தெருவே சாமிய வரவழைச்சுட்டு உக்காந்திருக்கு. நானே போயி மஞ்சப் பூசிட்டு வந்திருக்கேன்.”

விஷயம் புரிந்ததும் கயலுக்குச் சிரிப்பு வந்தது. பஞ்சம்மாளுக்கு வரவில்லை. ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போய் இருவருமாகக் கோடுகளைத் துடைத்தார்கள். துடைத்ததைச் சுருளியாண்டி பார்த்துவிட்டார். கோடு போட்டது யார் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. மத்தியானத்துக்குள் தெருவுக்கே புரிந்துபோயிற்று.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது பஞ்சம்மாள் மகளிடம் நேராகவே கேட்டாள். “ஏத்தா, நீ போடுற படத்துல நம்ம தெருவ இடிக்கிறாப்புல எதுவும் இருக்கா?”

கயல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “இது படிப்புக்குத்தாம்மா. இத வச்சு யாரும் எதையும் இடிக்க மாட்டாக.”

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. மில்லுக்கு வருகிற எவளாவது இப்படிச் சுற்றி வளைத்திருந்தால் பஞ்சம்மாள் வாளியை எடுத்துக் கவிழ்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பாள். மகளிடம் அதைச் செய்யவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். ஒற்றை மகள், அப்பனும் அம்மாவும் பத்தாவது தாண்டாத வீட்டில் இரண்டு பட்டம் வாங்கப் போகிறவள். அவளை நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது, நம்பிவிட்டாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மில்லுக்கு ஆள் வருவது குறைந்தது. சுருளியாண்டி கடையில் டீ கேட்டால் பால் தீர்ந்துவிட்டது என்றார். பால் சட்டி பொங்கிக்கொண்டிருப்பது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஜெய்லானி பாய் மட்டும் வழக்கம்போலப் பேசினார், ஆனால் அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துப் பேசினார். மற்றவர்களைச் சந்தேகப்படுவதுதான் அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் அவளைச் சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது. அது பொறுக்க முடியாததாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். பஞ்சம்மாளும் தேங்காய் பழத்தோடு போனாள். கேப்பை அரைக்க வந்திருந்த பின்தெரு ஜான்சியும் வாளியோடு கூடவே வந்து ஓரமாக நின்றாள். கயல் கொஞ்சம் தள்ளி நின்றாள். பஞ்சம்மாள் தட்டை நீட்டியபோது சுருளியாண்டி வாங்கவில்லை.

“மதினி, நான் மனசுல பட்டதச் சொல்லிர்றேன். தப்பா எடுத்துக்கிராதீக. உங்க மக இந்தத் தெருவ இடிக்கப் படம் போடுறான்னு எல்லாரும் பேசுறாக. மொதல்ல படம் வரும், பின்னாடியே மெஷின் வரும். போன தடவ பாத்தோம்ல.”

“எம்மக படிப்புக்காகப் போடுறா, கொழுந்தனாரே. யாரு குடியையும் கெடுக்க மாட்டா.”

“அப்ப இந்தா சூடம். அணைச்சு சத்தியம் பண்ணுங்க. பொறவு நாங்க யாரும் ஒரு வார்த்த பேசல.”

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் அந்தத் தெருவில் வழக்கு கிடையாது. பொய் சொல்லி அணைத்தவள் குடும்பம் விளங்காது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, பஞ்சம்மாளுக்கும் இல்லை. இத்தனை வயதில் அவள் யாருக்காகவும் சூடம் அணைத்ததில்லை. மலைச்சாமி கெஞ்சினால்கூட யோசித்திருப்பாள். இப்போது யோசிக்கவில்லை. தட்டில் சூடத்தை வைத்து அவளே கொளுத்தினாள். தெரு கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

“எம்மக போட்ட படத்துல இந்தத் தெருவுல ஒரு கடையும் போகல. ஆத்தா மேல சத்தியம்.”

கையைத் தீயின் மேல் கொண்டுபோனாள். சூடு உள்ளங்கையில் பட்டதும் யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். கயல்.

“அம்மா, வேணாம். அணைக்காத.”

“விடுடி. இவுகளுக்கு அப்பத்தான் புத்தி வரும்.”

“போகுதும்மா.”

பஞ்சம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. “எது போகுது?”

“கடைக. இந்த வடவரிசை பூரா. எம்படத்துல போகுது.”

பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள். பஞ்சம்மாள் கையை நீட்டியபடியே நின்றாள்.

“நம்ம மில்லு?”

“நம்ம மில்லும்தாம்மா.”

கயல் அதோடு நிறுத்தவில்லை. “இந்த வரிசைக்கு அடியில பழைய வாய்க்கா ஓடுது. மேல பலகைக் கல்லப் போட்டு மூடித்தான் கடைகளக் கட்டியிருக்கு. ஐப்பசி மழைக்கித் தண்ணி போக எடமில்லாம பின்தெருவுக்குள்ள ஏறுது. ரெண்டுல ஒரு படிப்புல தெருவ மனுசங்களுக்குத் தோதா அமைக்கச் சொல்லித் தர்றாக. அத மட்டும் படிச்சிருந்தா நம்ம மில்லு அங்கனயே நின்னிருக்கும், வாசல்ல நெழலுக்கு மரங்கூட வச்சிருப்பேன். இன்னொரு படிப்பு தண்ணி எங்கிட்டுப் போகணும், நெலம் யாருக்குன்னு கேக்குது. ரெண்டையும் ஒரே தாளுல வச்சா கடை நிக்க மாட்டேங்குதும்மா. நம்ம மில்ல மட்டும் விட்டுட்டுப் போட்டுப் பாத்தேன். எத்தனையோ தடவ போட்டுப் பாத்தேன். வாய்க்கா வளைய மாட்டேங்குது.”

ஜான்சிதான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். “எங்க வீட்டுல போன ஐப்பசிக்கி அரிசி டிரம்மு மெதந்துச்சு. நாங்க யார்ட்டச் சொல்ல?”

“சொல்லாம இருந்திருக்கலாம்ல ஆத்தா,” என்றார் ஜெய்லானி பாய் கயலிடம். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். “படிப்புக்குன்னு நீயே சொல்ற. ஒங்கம்மா அணைச்சிருந்தா இத்தோட முடிஞ்சிருக்கும்.”

“எங்கம்மா இதுவரைக்கும் யாரையும் நம்புனதில்ல, மாமா. என்னைய நம்பித்தான கையக் கொண்டுபோச்சு.”

சுருளியாண்டி சண்டைக்குத்தான் வந்திருந்தார். சொந்த வீட்டுக் கடையையே விட்டுவைக்காதவளிடம் என்னவென்று சண்டை போடுவது? சூடம் தானாக எரிந்து அடங்கியது. தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மிஞ்சியது. பஞ்சம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மில்லுக்கு நடந்தாள்.

மனசுக்குள் அவளுக்குத் தாங்க முடியவில்லை. பொய்க்காரர்களை அவளுக்குக் கையாளத் தெரியும். அவர்களுக்காகவே அவள் தன்னைத் தயார் செய்துவைத்திருந்தாள். தெருவே பார்க்க உண்மையைச் சொல்லித் தன் மானத்தை வாங்கியவளை என்ன செய்வது என்று தெரியவில்லை. மகள் மேல் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்துக்கு அடியில் ஒரு பெருமையும் இருந்தது, அதை நினைத்ததும் ஆத்திரம் இன்னும் கூடியது.

பின்னாலேயே வந்த ஜான்சியின் கேப்பையை வாங்கி மெஷினில் கொட்டினாள். கையை விட்டுத் துழாவவில்லை. அரைத்து முடித்து அவளை அனுப்பிவிட்டு, வாசலில் நின்ற மகளை உள்ளே கூப்பிட்டாள்.

“அந்தப் படத்தக் காட்டு.”

கயல் லேப்டாப்பை அரிசி மூட்டை மேல் வைத்துத் திறந்தாள். பஞ்சம்மாள் மாவு படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வாய்க்கால் தெளிவாக நீல நிறத்தில் ஓடியது. இரண்டு கரையிலும் மரங்கள், நடைபாதை, உட்காரக் கல். மரத்தடியில் சின்னச் சின்னதாக மனிதர்கள். குடையோடு ஒருத்தி, சைக்கிளோடு ஒருவன், பிள்ளையைக் கையில் பிடித்தபடி ஒருத்தி. அழகாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“இதுல நாங்க எங்கன இருக்கோம்? நானு, கொழுந்தனாரு, பாயி?”

கயல் படத்தைப் பெரிதாக்கினாள், மறுபடியும் சின்னதாக்கினாள்.

“கேக்குறேன்ல. கடைய எடுத்துட்ட. எடுத்து எங்கன வச்ச?”

“தெரியலம்மா,” என்றாள் கயல். “பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வச்சுப் பாத்தேன். அம்புட்டுத் தூரம் வாளியத் தூக்கிட்டு யாரும் வர மாட்டாக. பக்கத்துல எடமே இல்ல. இன்னும் தெரியல.” சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

பஞ்சம்மாள் மகளின் முகத்தை, வாளிக்குள் கையை விட்டுப் பார்ப்பதுபோல, ரொம்ப நேரம் பார்த்தாள். அடிவரைக்கும் ஒன்றாகவே இருந்தது.

“எல்லாம் தெரியும்னு சொல்லித்தான்டி எல்லாரும் என்னைய ஏமாத்துனாக. கோடு போட வந்தவுககூட, ‘ஒங்களுக்கு வேற எடம் தருவோம், எல்லாம் எங்களுக்குத் தெரியும்’னுதான் சொன்னாக. தெரியலேன்னு சொன்னவ நீ ஒருத்திதான். ஒன்னைய நம்புறேன்.”

மூட்டையைச் சுற்றி வந்து மோட்டாரை அணைத்தாள். மில் அமைதியானதும் அவள் குரல் இன்னும் தணிந்து வந்தது.

“ஆனா கேட்டுக்க. நாங்க எங்கனன்னு இதுல போடாம நீ ஒரு பட்டமும் வாங்கக் கூடாது. அழுதது போதும், ஒக்காந்து போடு.”